காமிக்ஸ் ஆய்வு: முதலில் காகிதத்தைப் பாருங்கள்

முதுகலை முடித்த ஒருவர் காமிக்ஸில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய நினைக்கிறார். ஜப்பானிய காமிக்ஸான மங்கா, பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பம், அமெரிக்க காமிக்ஸ் மூன்றையும் ஒப்பிட ஆசை. அவர் கேட்டது இது: "மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே கோட்பாடு உண்டா? படம் போட்ட கதைதானே, இலக்கியத் திறனாய்வே போதாதா? சினிமா, அனிமேஷன், இணையத்தில் வரும் வெப்டூன் என்று போனால் எங்கே நிறுத்துவது?"

முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை. இருப்பதாக நம்ப வைக்கும் புத்தகங்கள் உண்டு. அவற்றில் சில மிக நல்ல புத்தகங்களும்கூட. ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஏதோ ஒரு நாட்டின் அச்சு வடிவம் உட்கார்ந்திருக்கும். எத்தனை பக்கம், என்ன காகிதம், வண்ணமா கறுப்பு வெள்ளையா, வாரத்துக்கு ஒருமுறையா வருடத்துக்கு ஒருமுறையா, யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதையெல்லாம் கேட்காமல் எழுதப்பட்ட கோட்பாடு, தான் பிறந்த ஊரைவிட்டு வெளியே போனதும் தடுமாறும்.

எல்லோரும் முதலில் படிக்கிற புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்காட் மெக்லவுட் 1993-இல் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்'. காமிக்ஸைப் பற்றி காமிக்ஸாகவே வரையப்பட்ட புத்தகம். பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு படமும் ஒரு கட்டம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கதை எப்படித் தாவுகிறது என்பதை அவர் ஆறு வகையாகப் பிரிக்கிறார். ஒரு கணத்திலிருந்து அடுத்த கணம், ஒரு செயலிலிருந்து அடுத்த செயல், ஒரே காட்சிக்குள் ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆள், காட்சியிலிருந்து காட்சி, ஒரே இடத்தின் பல முகங்கள், கடைசியாகத் தொடர்பே இல்லாத தாவல். ஐந்தாவது வகையில் காலம் நகராது. மழை சொட்டுகிறது, ஒரு ஜன்னல், ஒரு கை, வெறும் வானம் என்று கண் சும்மா அலையும்.

பிறகு அவர் எண்ணுகிறார். அமெரிக்க, ஐரோப்பிய காமிக்ஸில் செயலிலிருந்து செயலுக்குப் போவதே பெரும்பங்கு. அந்த ஐந்தாவது வகையைத் தேடினால் கிடைக்காது. மங்காவின் முன்னோடி ஓவியர் ஒசாமு தெசுகாவிலும் மற்ற ஜப்பானியப் படைப்புகளிலும் அது கணிசமாகக் கிடைக்கிறது. ஏன்? மங்கா பருமனான இதழ்களில் வருகிறது, ஒரு தவணைக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும் என்ற நெருக்கடி இல்லை என்று அவரே சொல்கிறார். சொல்லிவிட்டு அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஆழமான காரணம் வேறு என்கிறார்: மேற்குக்குப் போய்ச் சேர்வது முக்கியம், கிழக்கின் கலைக்கு அங்கே இருப்பதே முக்கியம்.

படிக்கும்போது சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்க மாத இதழ் 32 பக்கம், விளம்பரம் போகக் கதைக்கு இருபது சொச்சம். பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பம் வழக்கமாக 48 பக்கம் (அதில் கதைக்கு 46), கெட்டி அட்டை, முழு வண்ணம். ஒரு தொடருக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தாலே பெரிது. ஜப்பானிய வார இதழில் மலிவான காகிதத்தில், கறுப்பு வெள்ளையில், ஒரு தொடருக்கு வாரம் ஏறத்தாழ 20 பக்கம். ஆண்டுக்கு ஆயிரத்தை நெருங்கும். ஆண்டுக்கு 46 பக்கம் மட்டும் கிடைக்கும் ஓவியர் மழைத்துளிக்கு நான்கு கட்டம் ஒதுக்கமாட்டார். ஆயிரம் பக்கம் நிரப்ப வேண்டியவர் ஒதுக்குவார், ஒதுக்கித்தான் ஆக வேண்டும். மரபின் பங்கு எதுவுமே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் 'கிழக்கின் மனம்' என்ற இடத்துக்குப் போகும் முன் அச்சகத்தின் வாசலில் ஒரு தடவை நின்று கேட்டிருக்கலாம்.

இந்தக் கணக்கெடுப்பைப் பின்னாளில் இன்னும் கறாராகச் செய்தவர் நீல் கோன். மொழியியலும் உளவியலும் கற்றவர். கட்டங்களை அவர் வேறு விதமாக எண்ணினார்: ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு தெரிகிறது? முழுக் காட்சியா, ஒரே ஆளா, ஆளின் கண் மட்டுமா? அமெரிக்க காமிக்ஸில் பலர் நிற்கும் முழுக் காட்சி அதிகம், மங்காவில் ஒற்றை ஆள், அண்மைக் காட்சி அதிகம் என்று கிடைத்தது. அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸின் எட்டுப் பத்தாண்டுகளை எடுத்து அவரும் கூட்டாளிகளும் பார்த்தபோது, அங்கேயே வரவர எழுத்து குறைந்திருக்கிறது, படங்களின் வரிசை கதையைச் சுமக்கும் பங்கு கூடியிருக்கிறது. அதாவது 'அமெரிக்க பாணி' என்று நாம் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிடுகிற பொருளே ஓரிடத்தில் நிற்பதில்லை. நீங்கள் மூன்று நாடுகளை ஒப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். எந்த ஆண்டின் எந்த இதழ்களை என்று சொன்னால்தான் அது ஒப்பீடு.

கோன் பக்கம் இன்னும் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இலக்கியத் துறையிலிருந்து வருகிறவர்கள் இவரைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். 'பீனட்ஸ்' துண்டுத் தொடரின் கட்டங்களை எடுத்து, சிலவற்றைச் சரியான வரிசையிலும், சிலவற்றைக் கதை அமைப்பு இருந்தும் பொருள் இல்லாமலும், சிலவற்றை ஒரே பொருளைச் சுற்றி வந்தாலும் அமைப்பு இல்லாமலும், சிலவற்றை முழுக்கக் கலைத்தும் வாசகர்களுக்குக் காட்டினார்கள். தலையில் மின்முனை பொருத்தி மூளையின் அலைகளைப் பதிவு செய்தார்கள். பொருள் புரியாத சொல் வாக்கியத்தில் வரும்போது எழும் அதே வகை அலை இங்கும் எழுந்தது. கட்டங்கள் பொருளால் இணைந்திருந்தால் அது தணிந்தது. பொருளின்றி வெறும் அமைப்பு மட்டும் இருந்தபோது தணியவில்லை. இருந்தும் வேறு அளவீடுகளில் அமைப்புக்கென்று தனியாக ஒரு விளைவு தெரிந்தது. படக் கதைக்கும் இலக்கணம் போன்ற ஒன்று உண்டு, அது பொருளிலிருந்து வேறானது என்பது அவர் வாதம். 'இலக்கணம்' என்ற சொல்லை இவ்வளவு தூரம் இழுக்கலாமா என்று சண்டை உண்டு. நான் அந்தச் சண்டையில் பாதி வழிதான் அவரோடு போவேன். ஆனால் அவர் எழுப்பிய இன்னொரு விஷயத்தில் முழுதாக அவர் கட்சி: படம் பார்த்தால் யாருக்கும் புரியும் என்பது பொய். பட இதழ்களின் பழக்கமே இல்லாமல் வளர்ந்தவர்களிடம் படத் தொடரைக் காட்டினால், நான்கு கட்டத்தில் வரும் ஒரே ஆளை நான்கு ஆட்கள் என்று சொன்ன பதிவுகளை அவர் தொகுத்திருக்கிறார். காமிக்ஸ் படிப்பதும் கற்றுக்கொண்ட பழக்கமே. சிறு வயதிலேயே கற்றதால் நமக்கு நினைவில்லை, அவ்வளவுதான்.

வரையறை பற்றி ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள், ஆனால் அதில் மூன்று வருடம் போக்காதீர்கள். படங்களை வரிசையாக அடுக்கிச் சொல்வதைக் குறிக்கும் 'தொடர் கலை' என்ற சொல்லை 1985-இல் அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் புத்தகமாக்கினார். மெக்லவுட் அதை இறுக்கிக் கட்டியபோது, பதினோராம் நூற்றாண்டின் போர்க் கதையைத் தையலில் சொல்லும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயோ துணிச்சித்திரம் காமிக்ஸுக்குள் வந்துவிட்டது, செய்தித்தாளில் வரும் ஒற்றைக் கட்டக் கேலிச்சித்திரம் வெளியே போய்விட்டது. வரலாற்றாசிரியர் டேவிட் குன்ஸ்ல் இதற்கு நேர்மாறு: பல பேருக்காக அச்சில் ஏறியிருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை, ஆகவே துணிச்சித்திரம் வெளியே. இரண்டு வரையறையும் தத்தம் வேலைக்குச் சரி. எதை உள்ளே சேர்க்கிறோம் என்பது எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

எனக்குப் பிடித்த தொடக்கப் புள்ளி ஜெனீவாவின் பள்ளி ஆசிரியர் ரொடோல்ஃப் டொப்ஃபர். 1827-இலேயே படக் கதைகளை வரைய ஆரம்பித்துவிட்டார், 1830-களில் அவை அச்சேறின, வயதான ஜெர்மன் கவிஞர் கோத்தே கையெழுத்துப் படிகளைப் பார்த்துப் பாராட்டினார். படம் மட்டும் இருந்தால் மங்கலாகத்தான் புரியும், எழுத்து மட்டும் இருந்தால் ஒன்றுமே புரியாது என்று தன் புத்தகத்தைப் பற்றி அவரே எழுதினார். காமிக்ஸ் கோட்பாட்டின் முதல் வரி அதுதான். ஆனால் பாடப் புத்தகங்கள் விட்டுவிடுகிற சங்கதி ஒன்று உண்டு. அவர் பயன்படுத்தியது சிறப்புக் காகிதத்தில் மையால் நேரடியாக வரைந்து, அதைக் கல்லுக்கு மாற்றி அச்சிடும் முறை. செதுக்கு அச்சு என்றால் வேறொரு கைவினைஞர் அவர் கோட்டை மரத்திலோ செம்பிலோ வெட்டியிருப்பார். சாதாரணக் கல்லச்சு என்றால் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாக எழுதியிருக்க வேண்டும். இந்த முறையில் படமும் எழுத்தும் ஒரே பேனாவில், ஒரே கையில், ஒரே ஓட்டத்தில் வந்தன. படமும் எழுத்தும் பிரிக்க முடியாமல் கலந்த வடிவம் அவருக்குத் தோன்றியதில் அவர் மேதைமைக்கு எவ்வளவு பங்கோ, அந்த மாற்றுக் காகிதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நான் சொல்வேன்.

இலக்கியத் திறனாய்வு போதாதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேயே பதில் வந்துவிடுகிறது. சில படைப்புகளுக்கு அது வெகுதூரம் உதவும். யூதப் படுகொலையில் தப்பிய தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மவுஸ்' 1992-இல் சிறப்பு புலிட்சர் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் டைம்ஸ் அதைப் புனைவுப் பட்டியலில் போட்டிருந்தது, ஆசிரியர் கடிதம் எழுதி புனைவல்லாத பட்டியலுக்கு மாற்ற வைத்தார். எலித் தலையோடு வரைந்த சாட்சியம் உண்மைச் சாட்சியமா என்ற கேள்வி வரலாறு, நினைவு, தன்வரலாறு படிப்பவர்களைக் காமிக்ஸ் பக்கம் இழுத்தது. ஹிலரி சூட் போன்றவர்கள் அந்த வழியில் அருமையாக எழுதினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை பெரும்பாலும் ஆங்கில இலக்கியத் துறை வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

அந்த வாசலுக்கு ஒரு விலை இருந்தது. 'மவுஸ்', 'பெர்ஸபோலிஸ்', 'ஃபன் ஹோம்' என்று விரல் விட்டு எண்ணும் சில புத்தகங்களைப் பற்றியே கட்டுரைக்கு மேல் கட்டுரை. கோடிக்கணக்கில் விற்ற, யாரும் மேதை என்று அழைக்காத இதழ்களைச் சீண்ட ஆளில்லை. கனடா ஆய்வாளர் பார்ட் பீட்டி இதைக் கேலி செய்யாமல் ஒரு காரியம் செய்தார்: 1960-களின் ஆர்ச்சி காமிக்ஸை மட்டும் எடுத்து ஒரு புத்தகமே எழுதினார். எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கத் தொடங்கலாம், எதுவும் மாறாது, யாரும் வளரமாட்டார்கள் என்ற அந்த இதழ்களின் இயல்பையே ஆராய்ந்தார். தலைசிறந்ததை மட்டும் படித்தால் ஒரு வடிவத்தின் சராசரி தெரியாது. சராசரி தெரியாமல் எது விலகல், எது புதுமை என்று எப்படிச் சொல்வது? ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் யோசனை இதுதான்: பரிசு வாங்கிய புத்தகத்தை விடுங்கள், பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்டதை எடுங்கள்.

எடைக்குப் போட்டது என்றதும் பில் பிளாக்பியர்ட் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க நூலகங்கள் செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு அசல் கட்டுகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் வீடு நிறைய அவற்றைச் சேர்த்தார். மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிறு இதழ்களின் முழுப் பக்க வண்ணக் காமிக்ஸ் அதில் சாம்பலாகத்தான் தெரியும். அவர் தொகுப்பு பின்னால் பெரிய லாரிகளில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், இன்று பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வண்ணம் பற்றி இன்று ஆய்வேடு எழுதுகிறவர்கள் அந்த ஒரு மனிதரின் வீட்டுக்குக் கடன்பட்டவர்கள்.

பிரான்சில் கதை வேறு. அங்கே முதலில் வந்தவர்கள் ரசிகர்கள். 1962-இல் ஒரு காமிக்ஸ் மன்றம், அதில் திரைப்பட இயக்குநர் அலெய்ன் ரெனேயும் ஒருவர். 1967-இல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி. 'ஒன்பதாவது கலை' என்ற பெயரும் அந்தப் பத்தாண்டில் புழக்கத்துக்கு வந்தது. பின்னாலேயே, குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியல்காரர்கள் வந்தார்கள். சமூகவியலாளர் லுக் போல்டான்ஸ்கி 1975-இலேயே இந்த ஆரவாரத்தையே ஆய்வுப் பொருளாக்கி, காமிக்ஸ் எப்படிக் 'கலை' ஆக்கப்படுகிறது, மேற்படிப்பு படித்த புதிய தலைமுறை ஓவியர்களுக்கும் வாசகர்களுக்கும் அதில் என்ன லாபம் என்று எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை இன்று படித்தாலும் கொஞ்சம் உறைக்கும், ஏனென்றால் நாமும் அந்த லாபக் கணக்கில் இருக்கிறோம்.

பிரெஞ்சு மரபின் பெரிய கொடை பக்கத்தைப் பற்றிய சிந்தனை. பியேர் ஃப்ரெஸ்னோ-டெருவெல் 1976-இல் சொன்னது: காமிக்ஸ் பக்கத்தைக் கண் இரண்டு விதமாகப் பார்க்கிறது, கட்டம் கட்டமாக ஒரு வரிசையில், அதோடு முழுப் பக்கமும் ஒரே படமாக. திருப்பிய கணத்திலேயே கீழ் மூலையில் நடக்கப் போவது கடைக்கண்ணில் பட்டுவிடுகிறது. பெனுவா பீட்டர்ஸ் பக்க அமைப்புக்கும் கதைக்கும் உள்ள உறவை நான்கு வகையாக்கினார். தியெரி குரோன்ஸ்டீன் 1999-இல் இன்னும் மேலே போய், ஒரு கட்டம் தன் அடுத்த கட்டத்தோடு மட்டுமல்லாமல் நாற்பது பக்கம் தள்ளியிருக்கும் இன்னொரு கட்டத்தோடும் எதிரொலிக்கிறது என்றார். அவர் அதைப் பின்னல் என்கிறார். பொருத்தமான சொல். முதல் பக்கத்தில் வந்த ஒரு வட்ட வடிவம் கடைசிப் பக்கத்தில் அதே இடத்தில் திரும்ப வரும்போது வாசகருக்கு ஏதோ முடிச்சு விழுந்தது போல் இருக்குமே, அதுதான்.

இப்போது கவனியுங்கள். இந்தச் சிந்தனை பிறந்தது எங்கே? பெரிய அளவு, கெட்டி அட்டை, திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்க வீட்டு அலமாரியில் நிற்கிற ஆல்பத்தில். பின்னல் தெரிய வேண்டுமானால் புத்தகம் கையில் இருக்க வேண்டும், புரட்டிப் பின்னால் போக முடிய வேண்டும். வாரம் ஒன்றாகப் படித்து ரயிலில் விட்டுச் செல்கிற இதழுக்கு அந்தக் கோட்பாட்டை அப்படியே மாட்டினால் சட்டை பெரிதாகத் தொங்கும்.

ஜப்பானில் வேறொரு பாதை. 1990-களில் நட்சுமே ஃபுசனோசுகே போன்றவர்கள் கருப்பொருளையும் சமூகத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருந்த விமர்சனத்தைத் திருப்பி, கோடு, கட்டம், ஒலிச்சொல் என்று வடிவத்தின் பக்கம் கொண்டுவந்தார்கள். 'மங்கா வெளிப்பாட்டியல்' என்று அதற்குப் பெயர். நட்சுமே தானே வரைகிறவர். மற்றவர்களின் கோட்டைத் தன் கையால் நகலெடுத்துப் பார்த்து, அந்தக் கோடு எவ்வளவு வேகத்தில் போடப்பட்டது என்பதிலிருந்து வாதத்தைத் தொடங்குவார். 2005-இல் விமர்சகர் இத்தோ கோ ஒரு குண்டு போட்டார். எல்லாவற்றையும் தெசுகாவிலிருந்து தொடங்குகிற வரலாறு நம் கண்ணை மறைக்கிறது என்றார். அவர் கொடுத்த இரண்டு கருத்துகள் உங்களுக்கு உதவும். ஒன்று, மங்காவில் வாசகருக்குச் 'சட்டகம்' எது, ஒற்றைக் கட்டமா முழுப் பக்கமா என்பதே உறுதியாக இல்லை, ஆகவே சினிமாவின் சட்டகத்தோடு ஒப்பிடுவது பிசகு. இரண்டு, கதைக்குள் வாழ்க்கையும் குணமும் உள்ள 'பாத்திரம்' வேறு, நாலு கோட்டில் அடையாளம் தெரிந்து கதையை விட்டு வெளியேயும் உயிரோடு உலவக்கூடிய 'க்யாரா' வேறு.

அந்தக் க்யாராதான் ஊடகங்களுக்கு இடையில் தாவுகிறது. தெசுகாவின் 'ஆட்டம்' (Atom) என்ற எந்திரச் சிறுவன் 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் வந்தான். மெய்ஜி நிறுவனம் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர். அதன் சாக்லேட்டோடு 'ஆட்டம்' ஸ்டிக்கர் வந்தது. குழந்தைகள் பெட்டியில், புத்தகத்தில், குளிர்பெட்டியில் ஒட்டினார்கள். ஆய்வாளர் மார்க் ஸ்டைன்பெர்க் இதை எடுத்து, ஒரே பாத்திரம் பல ஊடகங்களிலும் பொருட்களிலும் பரவுகிற, இன்று எல்லோரும் பேசுகிற 'ஊடகக் கலவை' அந்த ஸ்டிக்கரில்தான் தொடங்கியது என்று காட்டினார். அந்தக் காலத் தொலைக்காட்சி அனிமேஷனில் அசைவு குறைவு, பல நொடிகள் படம் அப்படியே நிற்கும். நின்ற படம் காமிக்ஸ் கட்டத்துக்கும் ஸ்டிக்கருக்கும் ஒத்துப்போனது, ஆகவே மூன்றிலும் அவன் ஒருவனாகவே தெரிந்தான். குறைந்த செலவில் செய்ததால் வந்த குறை, பொருள்களுக்கு இடையே பாலமாகிவிட்டது. 'தழுவல் என்றால் மூலத்துக்கு விசுவாசமா இல்லையா' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சாக்லேட் உறை கண்ணில் படவே படாது.

மொழிபெயர்ப்பு தனி உலகம். ஒப்பிடப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் தடுக்கி விழுவார். மங்கா வலமிருந்து இடம். ஆங்கிலத்துக்கு வந்த ஆரம்ப காலத்தில் பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள். சாமுராய்கள் அத்தனை பேரும் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். 'அகிரா' என்ற மங்கா 1988-இலிருந்து அமெரிக்காவில் திருப்பியும் வண்ணம் தீட்டியும் வந்தது. பிரான்சுக்கு 1990-இல் போனது அந்த அமெரிக்க வண்ணப் பதிப்பின் வழி. அதாவது பிரெஞ்சு வாசகர் 'ஜப்பான்' என்று கையில் எடுத்தது அமெரிக்க வண்ணக்காரரின் ஜப்பான். 2002-இல் டோக்கியோபாப் நிறுவனம் திருப்பாமலே விற்கத் தொடங்கி, அதையே 'அசல்' என்று விளம்பரப்படுத்தியது. திருப்பும் வேலை மிச்சம் என்பதும் அதில் உண்டு. இதெல்லாம் போக, ஜப்பானியப் பேச்சுக் குமிழி மேலிருந்து கீழாக ஓடும் எழுத்துக்காக உயரமாக, ஒல்லியாக வரையப்பட்டது. கிடையாக ஓடும் எழுத்தை அதற்குள் அடைக்கும்போது சொற்கள் உடைகின்றன, வசனம் சுருங்குகிறது. பாத்திரம் வெடுக்கென்று பேசுவதாகத் தோன்றுவது சில சமயம் குமிழியின் இடுப்பளவால்தான்.

நானே இப்படி ஒருமுறை விழுந்தேன். ஒரு மங்காவில் பக்கத்தைத் திருப்பியதும் அதிர்ச்சி விரியும் ஓர் இடம். திருப்புவதற்கு முன்னிருக்கும் கடைசிக் கட்டம் எப்படித் தூண்டில் போடுகிறது என்று பத்துப் பக்கம் எழுதி ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். நான் பார்த்தது தொகுப்பு நூல். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் முதலில் வந்த வார இதழின் பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருந்தன. திருப்பவே வேண்டியதில்லை. முதல் வெளியீட்டைப் பார்க்காமல் பக்கத் திருப்பம் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அரசியல் வாசிப்புக்கும் இதே எச்சரிக்கை. 1971-இல் சிலே (சிலி) நாட்டில் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் டொனால்ட் டக்கை ஏகாதிபத்தியத்தின் முகமாக வாசித்து ஒரு புத்தகம் எழுதினார்கள். தாயும் தந்தையும் இல்லாத, மாமாக்களும் மருமகன்களும் மட்டுமே உள்ள உலகம், உழைப்பே தெரியாத செல்வம், புதையலைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் தூர தேசத்து மக்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் அந்தப் புத்தகம் எரிக்கப்பட்டது. குன்ஸ்ல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1975-இல் அமெரிக்கத் துறைமுகத்தில் சுங்கத்துறையிடம் சிக்கியது. துணிச்சலான புத்தகம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது சிலேயில் வந்த ஸ்பானியப் பதிப்பு. டிஸ்னி காமிக்ஸில் பெரும்பங்கு அமெரிக்காவில் அல்ல, இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகளில் அந்தந்த ஊர் ஓவியர்கள் கையால் வந்தது என்பது பிறகு ஆய்வாளர்கள் பேசியது. படித்த குழந்தைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 'பண்பாடுகளுக்கு இடையே' என்று தலைப்பில் போடுகிறவர்கள் யார் வரைந்தார், யார் மொழிபெயர்த்தார், யார் படித்தார் என்ற மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

வாசகரைக் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டவரின் கதை இன்னும் மோசம். நியூயார்க் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954-இல் காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று எழுதிய புத்தகம் அமெரிக்க செனட் விசாரணை வரை பேசப்பட்டது. அதே ஆண்டு பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். அவருடைய ஆவணங்கள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் 2010-இல் திறக்கப்பட்டன. ஆய்வாளர் கரோல் டில்லி அவற்றில் உட்கார்ந்து, சிறுவர்கள் சொன்னதை அவர் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் பயன்படுத்தியிருப்பதை 2012-இல் வெளியிட்டார். அவரை வில்லனாக்கிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அதே மனிதர்தான் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மலிவுக் கட்டணத்தில் மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் இனப்பிரிவினை குழந்தைகளைப் பாதிக்கிறது என்று டெலவேர் வழக்கில் சாட்சி சொன்னவர்.

இதில் ஒப்பீட்டுக்கு உகந்த விஷயம் என்னவென்றால், பிரான்ஸ் 1949-இலும் பிரிட்டன் 1955-இலும் சட்டமே கொண்டுவந்தன. ஒரே பீதி மாதிரித் தெரியும். ஆய்வாளர் மார்ட்டின் பார்க்கர் பிரிட்டனின் காமிக்ஸ் எதிர்ப்பு இயக்கத்தைத் தோண்டியபோது அதன் பின்னால் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுடைய முதல் கோபம் அமெரிக்கப் பண்பாட்டின் மீது. பிரான்சில் கத்தோலிக்கர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்றார்கள், இறக்குமதிக்கு எதிராக உள்ளூர்த் தொழிலைக் காக்கும் கணக்கும் இருந்தது. ஒரே மாதிரி சட்டம், ஒவ்வொரு நாட்டிலும் வேறு பயம். இந்த மாதிரி இடத்தில்தான் ஒப்பீட்டு ஆய்வு தன் சோற்றைச் சம்பாதிக்கிறது. இரண்டு நாட்டு ஓவிய பாணியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது அமைதி, இது வேகம்' என்று சொல்வதை நான் ஒப்பீடு என்று ஏற்பதில்லை.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். வெப்டூனில் நிறுத்திப் பாருங்கள், ஏனென்றால் மேலே சொன்னவற்றில் பாதி அங்கே உதிர்ந்துவிடுகிறது. 2000-இல் மெக்லவுட், திரைக்குப் போனால் பக்கம் என்ற எல்லை போய்விடும், காமிக்ஸ் எல்லையற்ற ஓவியத் துணியில் நாலா பக்கமும் பரவும் என்று கனவு கண்டார். நடந்தது வேறு. கொரியாவில் நேவர், டவும் போன்ற இணைய வாயில்கள் 2000-களில் தொடர்களை மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும்படி வெளியிட்டன. கைபேசி வந்ததும் அதுவே உலக வடிவமாகிவிட்டது. நாலா பக்கமும் இல்லை, ஒரே பக்கம், கீழே மட்டும். அங்கே முழுப் பக்கமும் ஒரே படமாகக் கண்ணில் படுவது கிடையாது, கடைக்கண் பார்க்க மூலையே இல்லை. ஃப்ரெஸ்னோ-டெருவெல் சொன்ன இரண்டு பார்வையில் ஒன்று போயே போயிற்று. பதிலுக்கு, கட்டங்களுக்கு இடையேயான வெற்றிடம் புதிய வேலை செய்கிறது. பாத்திரம் கிணற்றில் விழுந்தால் விரல் மூன்று முறை கறுப்பை உருட்டிக்கொண்டே போகும். எவ்வளவு நேரம் விழுகிறான் என்பதை ஓவியரும் வாசகரின் விரலும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்.

வெற்றி பெற்ற வெப்டூன்கள் பின்னால் அச்சுப் புத்தகமாகின்றன. அப்போது அந்த நீண்ட கறுப்பை என்ன செய்கிறார்கள்? வெட்டுகிறார்களா, இரண்டு பக்கம் முழுக் கறுப்பாக விடுகிறார்களா, பக்கத் திருப்பத்தை அதற்குப் பதிலாக வைக்கிறார்களா? எதிர்த் திசையிலும் நடக்கிறது: பழைய அச்சுக் காமிக்ஸைக் கைபேசிச் செயலிகள் கட்டம் கட்டமாக வெட்டிக் காட்டுகின்றன, பின்னல் அறுந்து தொங்குகிறது. ஒரே கதை, இரண்டு உடல். உங்கள் மூன்று நாட்டு ஒப்பீட்டைவிட இது சின்னத் தலைப்பு, ஆனால் நான்கு வருடத்தில் முடிக்கக்கூடிய தலைப்பு. ஒரு மொழியின் இருபது தொடர்களை எடுத்து இரண்டு வடிவத்தையும் கட்டம் கட்டமாக எண்ணினாலே மேலே சொன்ன பெரிய கோட்பாடுகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்ததாகும். கொரிய மொழி படிக்க வேண்டியிருக்கும். மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பை வைத்து எழுதலாமா என்று கேட்காதீர்கள், குமிழிகளின் இடுப்பளவு பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

சில நடைமுறைச் சங்கதிகள். 1999-இல் ஜான் லென்ட் தொடங்கிய 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் காமிக் ஆர்ட்' என்ற பன்னாட்டு இதழ் நாடு நாடாகக் காமிக்ஸ் தொழிலைப் பதிவு செய்த கட்டுரைகளின் சுரங்கம், கோட்பாடு குறைவு, தகவல் ஏராளம். ஜப்பானுக்கு கியோட்டோவில் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டிடத்தில் 2006-இல் திறந்த மங்கா அருங்காட்சியகம் இருக்கிறது, சுமார் 3 லட்சம் பொருட்கள். மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணோடு கட்ட எண்ணையும் கொடுங்கள். படங்களைப் பதிப்பிக்க அனுமதி கேட்கும் வேலையை முதல் ஆண்டே தொடங்குங்கள், பதில் வர வருடமாகும். ஆய்வேட்டையே காமிக்ஸாக வரையலாமா என்று யோசனை இருந்தால், நிக் சூசானிஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்படிச் செய்து பட்டம் வாங்கினார், 2015-இல் ஹார்வர்டு அதைப் புத்தகமாக்கியது. அவருக்கு வரையத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

வரையத் தெரியாதவர்களும் ஒன்று செய்யலாம். நீங்கள் ஆராயப் போகும் கதையிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலால் முழுதும் நகலெடுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள், ஒரு நாள் போய்விடும். எந்தக் கட்டத்தின் கோடு கையால் போட்டது, எது அளவுகோல் வைத்தது, எங்கே பின்னணியை வரையாமல் தப்பித்துக்கொண்டார், எங்கே பேச்சுக் குமிழிக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மிச்சமிருந்த மூலையில் ஆளைக் குனிய வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பென்சில் போகும்போது கைக்குத்தான் முதலில் தெரியும்.